கஸ்பாரின் தலையிலிருந்து விழுந்தவை

கிளாத்திக்குடி ஐஸ் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாகப் பனிக்கட்டி உடைத்துப் படகுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த கஸ்பாருக்கு, மாசி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், கோயிலில் நண்பகல் மணி அடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மண்டைக்குள் இரத்தம் கசிந்தது. அவன் தடாலென்று விழவில்லை. கையிலிருந்த கட்டையைச் சுவரில் சாய்த்துவைத்தான், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான், யாரோ பாய் விரித்து வைத்திருப்பது மாதிரி ஈரத் தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டான். கூட வேலை செய்தவர்கள் மணிச் சத்தம் கேட்டால் நெற்றியில் சிலுவை போட்டுக் கண்ணை மூடி நிற்கிற ஆட்கள், ஆகவே மணி அடங்கி, செபம் முடிந்து, கண்ணைத் திறந்த பிறகுதான் அவன் படுத்திருப்பதைப் பார்த்தார்கள்.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மண்டையில் துளை போட்டு இரத்தத்தை வடித்தார்கள். கசிந்ததற்குக் காரணம் உள்ளே ஒரு கட்டி, புளியங்கொட்டை அளவு இருக்கும், எடுத்தவரை எடுத்தாயிற்று, வேர் கொஞ்சம் நிற்கிறது, மறுபடி வளருமா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் அமலோற்பவத்திடம் சொன்னார். அமலோற்பவம் கஸ்பாரின் மனைவி. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம், பிள்ளையில்லை, அதனால் அவளுக்குப் புருஷனும் பிள்ளையும் சண்டை போட ஆளும் அவன் ஒருத்தன்தான். பதினொரு நாள் கழித்து அவன் கண்ணைத் திறந்தபோது அவள் எதிரே நின்றாள். அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவன் மிகுந்த மரியாதையோடு கேட்டான்.

"சிஸ்டர், கொஞ்சம் தண்ணி தருவியளா?"

வெள்ளை உடுப்புக்கூட இல்லை, அவள் கட்டியிருந்தது ஊதாப்பூப் போட்ட சேலை. இருந்தும் அவனுக்கு அவள் ஆஸ்பத்திரி நர்ஸ்தான், வீட்டுக்கு வந்த பிறகும் நர்ஸ்தான். செத்துப்போன அம்மாவை அவனுக்கு ஞாபகம் இருந்தது, ஐஸ் கம்பெனி மோட்டார் எந்தச் சத்தம் போட்டால் எந்தக் கோளாறு என்பது ஞாபகம் இருந்தது, எந்தப் புனிதருக்கு எந்தத் தேதியில் திருநாள் என்பதும் பிசகாமல் வந்தது. இவள் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி போயிருந்தாள். கல்யாணப் படத்தைக் காட்டினால், "மாப்பிள்ள நான்தான். பக்கத்துல நிக்கது நீங்களா? பொருத்தமாத்தான் இருக்கு" என்பான். பொழுது சாய்ந்தால், சிஸ்டருக்கு வீட்டுக்குப் போக நேரமாகவில்லையா, பஸ் கிடைக்குமா என்று கவலைப்படுவான். அவள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்தால், ஊரான் வீட்டுப் பெண் இருக்கிற இடம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். அந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு வசவு, ஒரே ஒரு வசவு அவன் வாயிலிருந்து வந்தால் போதும் என்று ஏங்கினாள்.

பங்குனியில், மீன் விற்கிற ஜெபமாலை ஒரு நாள் காலை வீட்டு வாசலில் கூடையை இறக்கி வைத்தாள். மீன் பேரைச் சொல்லிக் கூவவில்லை. ஆத்திரப்படாமல் கேள் என்று சொல்லிவிட்டு, தன் தலைக்குள் தன்னுடையதல்லாத ஒன்று கிடக்கிறது என்றாள். கஸ்பார் விழுந்த அன்றைக்கு, ஐஸ் கம்பெனி வாசலில் மணி கேட்டுக் கும்பிட்டு நின்றபோது வந்து விழுந்ததாம். அதில் தான் ஒரு ஆம்பிளை, மீசை வைத்த ஆம்பிளை, நினைத்தாலே மேலுதடு அரிக்கிறது. பஸ் ஸ்டாண்டில் மஞ்சள் சேலையில் அமலோற்பவம் நின்று நுங்கு தின்கிறாள், கோடை மழை பிடித்துக்கொள்கிறது, நுங்குத் தண்ணீர் முழங்கை வரை வழிகிறது, அதைத் துடைக்காமல் அவள் சிரிக்கிறாள். இவ்வளவையும் ஜெபமாலை சொல்லி முடித்ததும் கட்டிலில் கிடந்த கஸ்பார் எழுந்து உட்கார்ந்தான்.

"ஆமா. ஒரு குடைதான் இருந்துச்சு. கம்பி ஒடைஞ்ச குடை."

ஜெபமாலை திருதிருவென்று விழித்தாள். தான் எதற்கு வந்தோம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. கூடையைப் பார்த்து, மீன் விற்கத்தான் வந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து, நல்ல சாளை இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டாள். உடையவனிடம் சேர்ந்த நொடியில் அது அவளை விட்டுப் போய்விட்டது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் கரை முழுக்கத் தெரிந்தது. தெரிந்த பிறகு பார்த்தால், ஜெபமாலையைப் போல இன்னும் பலர் எதையோ தலையில் வைத்துக்கொண்டு, கெட்ட கனவென்றும் பித்தமென்றும் நினைத்து எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எல்லோரும் அன்றைய நண்பகல் மணி காதில் விழுந்த தூரத்தில் இருந்தவர்கள். கிளாத்திக்குடிக்காரர்கள் இதற்கெல்லாம் மலைக்கிற ஜனம் இல்லை. கண்டெடுத்த பொருளை உடையவரிடம் சேர்க்க வேண்டும், சேர்க்காவிட்டால் பாவம், அதற்கென்று அந்தோனியார் இருக்கிறார், அவ்வளவுதான். காணாமல் போன ஆட்டுக்கும் குடைக்கும் கம்மலுக்கும் அவரைத்தான் ஊர் நம்புகிறது. பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில், மூன்று கல்யாண ஓலைகளை வாசித்துவிட்டு, பெண்கள் பக்கம் ஒரு ஒற்றைக் கொலுசு கிடைத்திருக்கிறது என்று அறிவித்துவிட்டு, அதே குரலில், கஸ்பாருடையது எதுவும் யாரிடமாவது இருந்தால் செவ்வாய்க்கிழமை நவநாள் செபம் முடிந்து அந்தோனியார் கெபிக்கு வந்து ஒப்படைக்கவும் என்றார்.

அந்தச் செவ்வாய் முதல், அந்தோனியார் சுரூபம் நிற்கிற, குகை மாதிரிக் கட்டிய கெபி முன்னால் வரிசை நின்றது. வரிசையை ஒழுங்கு செய்தவர் இஞ்ஞாசி. கோயிலைத் திறந்து பூட்டுவது, மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது எல்லாம் அவர்தான், அதனால் ஊருக்கு அவர் கோயில்பிள்ளை. கல்யாணம் செய்துகொள்ளாதவர், அதிகம் பேசாதவர், பேசினாலும் பாதிப் பேச்சு மெழுகைப் பற்றி இருக்கும். கஸ்பாரை நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்தில் அமலோற்பவத்துக்கு ஒரு ஸ்டூல் போட்டு, ஒருத்தர் பின் ஒருத்தராக அனுப்பிவைத்தார்.

என்னென்னவோ வந்தன. டீக்கடை பஷீர் பாய்க்கு ஒரு சண்டை கிடைத்திருந்தது. அமலோற்பவம் சோற்றுப் பானையை அப்படியே முற்றத்தில் கவிழ்த்த சண்டை. அந்தக் கோபத்தில் அவர் மூன்று நாள் தன் சொந்தப் பெண்சாதியோடு பேசவில்லையாம், எதற்குப் பேசவில்லை என்று அந்த அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. பலசரக்குக் கடை அண்ணாச்சிக்கு அமலோற்பவம் குளிக்கும்போது பாடுகிற பாட்டு கிடைத்து, அவர் கடையில் உட்கார்ந்து அதையே முனகிக்கொண்டிருந்தார். எல்லோர் முன்னும் சொல்ல முடியாதவை கிடைத்தவர்கள் முகம் சிவந்து வந்து, சுரூபத்துக்குப் பின்னால் கஸ்பாரைக் கூட்டிப் போய்க் காதோடு சொன்னார்கள். சொன்ன கையோடு மறந்துபோனதால் ஊரில் யாரும் யாரையும் கிண்டல் செய்ய முடியவில்லை, இளவட்டங்களுக்கு அதில் பெரிய வருத்தம். பதினைந்து மைல் தள்ளி, நகரத்து ரோட்டில் பஞ்சர் ஒட்டுகிறவன் ஒருத்தன் கூட வந்தான். ஆம்புலன்ஸ் தன் கடையைத் தாண்டிய நேரத்தில் தன் மேல் விழுந்ததாம். காய்ச்சலில் கிடக்கிற ஒருத்திக்குக் கஞ்சி ஊட்டிவிடுகிற ஞாபகம் அது. யார் அவள் என்று தெரியாமல் மூன்று ஊரில் விசாரித்து, அந்தக் கஞ்சியைக் குடித்தவளை நேரில் பார்த்ததும் அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

அமலோற்பவம் தெருவில் நடந்தால் ஆம்பிளைகள் எழுந்து வழிவிட்டார்கள். சில நாளாவது அவளைக் கஸ்பாரின் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள், பார்த்தது போய்விட்ட பிறகும் ஒரு பதம் அவர்களிடம் தங்கியிருந்தது. அவரவர் வீட்டில் பெண்சாதியைக் கூப்பிடுகிற குரல்கூட அந்தக் கோடையில் கொஞ்சம் தணிந்ததாக ஊர்ப் பெண்கள் சொன்னார்கள். அவளைத் தெரியாதவர் கிளாத்திக்குடியில் யாருமில்லை, கட்டில் போட்டுத் தன் வீட்டிலேயே கிடந்த ஒருத்தனைத் தவிர.

ஏனென்றால் எல்லாம் வந்து சேர்ந்தும் கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை. நுங்கும் குடையும் சண்டையும் கஞ்சியும் கஸ்பாருக்கு இப்போது தெரியும், கேட்டால் தேதியோடு சொல்லுவான். ஆனால் அதிலெல்லாம் வருகிற பெண்ணும் எதிரே நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கிற பெண்ணும் அவனுக்குள் ஒன்றாகவில்லை. "சிஸ்டர், நீங்க நல்லாப் பாடுவியளாமே" என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்போ என்று கூச்சப்பட்டான். மணிகள் எல்லாம் கிடைத்துவிட்டன, கோக்கிற நூலைக் காணோம் என்பது அமலோற்பவத்துக்குப் புரிந்தது. அது எந்த நூல் என்பதும் தெரிந்தது. அவன் அவளை முதல் முதலாகப் பார்த்த நாள் இன்னும் யாரிடமிருந்தும் வரவில்லை.

அவளுடைய அக்கா கல்யாணத்துக்கு ஐஸ் கொண்டு வந்தவன் கஸ்பார். பின்கட்டில், தாயில்லாப் பிள்ளையான அவள், அக்காவும் போய்விடப் போகிறாள் என்று அழ வந்து, கல்யாண வீட்டில் அழக் கூடாதே என்று, அழுவதற்கு ஒரு சாக்கு வேண்டும் என்பதற்காக ஐஸ் தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றாள். அவன் அதைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பதினைந்தாம் நாள் பெண் கேட்டு ஆள் அனுப்பினான். அன்றைக்கு என்னத்தைக் கண்டு என்னைக் கட்டினீர்கள் என்று இருபத்திரண்டு வருஷமும் அவள் கேட்டுப் பார்த்துவிட்டாள், அவன் சிரிப்பானே தவிரச் சொன்னதில்லை. அதைப் பற்றி அவள் வேறு யாரிடமும் பேசியதும் இல்லை.

வைகாசி போனது, ஆடி போனது, வரிசை சுருங்கிக்கொண்டே வந்தது. ஐப்பசியில் ஸ்கேன் எடுத்தபோது கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. இந்தத் தடவை ஆழமாகப் போக வேண்டியிருக்கும், உயிருக்கு முடிந்ததைச் செய்வோம், ஞாபகம், பேச்சு, எதெது நிற்கும் எதெது போகும் என்று சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு டாக்டர் கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார். அவன் பிழைக்க வேண்டும் என்று வேண்டியது போக அமலோற்பவம் அந்தோனியாரிடம் இன்னொன்றும் கேட்டாள். அவன் தன்னைத் தெரிந்தவனாக அந்த அறைக்குள் போக வேண்டும். அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கு முந்தின கடைசிச் செவ்வாய்க்கிழமை ஒருத்தரும் வரவில்லை. நவநாள் கலைந்தது, கஸ்பாரை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்த அமலோற்பவம் காலி ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்தாள். வழிந்த மெழுகைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்த இஞ்ஞாசி தலையை நிமிர்த்தாமல் மெதுவாகக் கேட்டார்.

"அந்தக் கை இப்பமும் மரக்குமா, மைனி?"

"எந்தக் கை?"

 இஞ்ஞாசியின் கண் அவளுடைய வலது கைக்குப் போய்விட்டு வந்தது.  முதல் செவ்வாயிலிருந்து வரிசையை ஒழுங்கு செய்தவர், மணிக் கயிற்றைப் பிடித்தபடி அன்றைக்கு மணிக்கு ஆகப் பக்கத்தில் நின்றவர், அந்த ஊரிலேயே வரிசையில் ஒரு நாளும் நிற்காத ஒரே ஆள் அவர்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஒம்பது மாசமா நான் இங்கன வந்து அழுததப் பாத்துக்கிட்டுத்தான இருந்திய?"

"பாத்தேன், மைனி. பாக்கப் பாக்கத்தான் குடுக்க முடியாமப் போச்சு."

பிறகு, வாழ்நாளில் பேசியதை எல்லாம்விடக் கூடுதலாக இஞ்ஞாசி அன்று பேசினார். தனக்கு யாரையும் அப்படிப் பார்த்துப் பழக்கமில்லை என்றார். கோயிலைத் திறந்து, மணி அடித்து, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஐம்பது வயது ஆகிவிட்டது, ஒரு மனுஷிக்காக நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளும் என்று தெரியாது, இது தன்னுடையது இல்லை என்பது தெரியும், திருட்டுத்தான், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாமல், ஒன்பது மாதமாகப் பூசையில் நன்மை அப்பம் வாங்காமல் இருக்கிறேன் என்றார். இன்னொன்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை அந்தத் தலையைத் திறக்கப் போகிறார்கள், இப்போது கொண்டுபோய் அதற்குள் போட்டால் இதுவும் கத்தியோடு போய்விடலாம், தன்னிடம் இருந்தால் பத்திரமாக இருக்கும், பெண்டாட்டி பிள்ளை இல்லாத தலை, இதை வைத்துப் பார்த்துக்கொள்வதைவிட அதற்கு வேறு வேலை இல்லை.

கோபத்தோடு எழுந்தவள் கோபம் இல்லாமல் வீட்டுக்குப் போனாள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். இடிகிற வீட்டுக்குள் கொண்டுபோய் யாராவது பொன்னை வைப்பார்களா? கஸ்பாரே இல்லாமல் போனாலும், அவள் கையை ஒருத்தன் அப்படிப் பார்த்தான் என்பது இந்த ஊரில் ஒரு தலைக்குள்ளாவது மிஞ்சும். ஒரு நாள் சுகத்துக்காக அதைத் தொலைப்பதா? இரவு முழுக்க யோசித்தாள், விடிந்ததும் கஞ்சி வைத்தாள், மாத்திரை கொடுத்தாள். "நீங்க ரொம்ப நல்லவங்க, சிஸ்டர்" என்றான் கஸ்பார். அவளுக்கு முடிவு தெரிந்துவிட்டது.

புதன்கிழமை நண்பகல் மணி அடித்து ஓயும்வரை கோபுரத்தடியில் காத்திருந்தாள். இஞ்ஞாசி கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"பத்திரமா இருந்து யாருக்கு என்ன, கோயில்பிள்ள? ஒரு நாள் போதும். அவிய என்னையத் தெரிஞ்சவியளா உள்ள போவட்டும். பொறவு போனா போவட்டும்."

 இஞ்ஞாசி கோயிலைப் பூட்ட மறந்து, செருப்புப் போட மறந்து, சுடுமணலில் அவள் பின்னாலேயே நடந்து வந்தார். வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கஸ்பாரின் கையைப் பிடித்துக்கொண்டார். எதிரே இருக்கிறவரிடம் சொல்லாமல், எங்கோ பார்த்துச் சொன்னார்.

"ஐஸ் தொட்டிக்குள்ள கைய விட்டுட்டு நிக்கா. வெரலெல்லாம் செவந்துட்டு. எடுக்க மாட்டேங்கா. உள்ள நூறு பேரு இருக்காவ, ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நான் நெனச்சேன், போதும் கைய எடுன்னு சொல்ல இந்தப் பிள்ளைக்கு ஆளு இல்ல போல. அதச் சொல்ல ஒரு ஆளு வேணும்லா, அது நானா இருந்தா என்னன்னு நெனச்சேன்."

அமலோற்பவம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டு வருஷம் கேட்டுக் கிடைக்காத பதில், இன்னொருத்தர் குரலில் வந்தது. கஸ்பார் வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான், ரொம்ப நாள் வெளியூரில் இருந்து வந்தவன் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"என்னளா இப்பிடி மெலிஞ்சுபோயி நிக்க?"

சொல்ல ஒன்பது மாதத்துக் கதை இருந்தது. "ஒங்களாலதான்" என்று மட்டும் சொல்லி, அவன் காலடியில் உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதாள். அவன் அவளைத் திட்டினான், ஒழுங்காகச் சாப்பிடாததற்குத் திட்டினான், தலைக்கு எண்ணெய் வைக்காததற்குத் திட்டினான், அவள் ஒவ்வொரு வசவுக்கும் ஆமாம் ஆமாம் என்று அழுதாள்.

இஞ்ஞாசி கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். எதற்கு வந்தோம் என்று யோசித்து, கஸ்பாரைப் பார்த்துவிட்டுப் போக வந்திருப்போம் என்று தேற்றிக்கொண்டு, டாக்டர் என்ன சொல்கிறார் என்று விசாரித்தார். அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, அவள் கையைப் பார்க்காமல் தம்ளரைத் திருப்பிக் கொடுத்து, கோயில் திறந்து கிடக்கும் என்று அவசரமாகக் கிளம்பிப் போனார். வெறுங்கால் சுடச்சுட அவர் தெருவில் தாவித்தாவிப் போவதைப் பார்த்தபோது, தன் சந்தோஷத்துக்கு நடுவில் அமலோற்பவத்துக்கு அவரை நினைத்து நெஞ்சு வலித்தது. ஒரு மனிதரிடமிருந்து அவருடைய ஒரே ஒரு பொருளை வாங்கிக்கொண்டோம், அவருக்கு அது தெரியக்கூட இல்லை.

அவள் கேட்டது ஒரு நாள், கிடைத்தது ஒன்றரை. வெள்ளிக்கிழமை காலை மொட்டைத்தலையோடு தள்ளுவண்டியில் உள்ளே போகும்போது கஸ்பார் கதவு மூடும்வரை அவளைப் பார்த்துக்கொண்டே போனான், வாசலில் நிற்காதே, எங்கேயாவது உட்கார் என்று அதட்டினான்.

அவள் திரும்பியபோது வராந்தா நிறையக் கிளாத்திக்குடி நின்றது. மீன் லாரியைக் கழுவி, அதில் ஏறி நாற்பத்துமூன்று பேர் வந்திருந்தார்கள். யோசனை ஜெபமாலையுடையது. போன தடவை பக்கத்தில் இருந்தவர்கள் மேல் விழுந்தது சரி, ஆனால் இந்த ஆஸ்பத்திரியில் வைத்து விழுந்ததெல்லாம் என்னவாயிற்று? யார் யார் தலையிலோ, யாருடையது என்று தெரியாமல், ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஆகவே இந்தத் தடவை நாமே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வோம் என்று அவள் சொல்ல, ஊர் சரி என்று கிளம்பிவிட்டது. இஞ்ஞாசி லாரியில் முதல் ஆளாக ஏறியிருந்தார். ஏன் அவ்வளவு அவசரம் என்பது அவருக்கே தெரியவில்லை.

காவலாளி வந்து தடுத்தான். நோயாளிக்கு ஒரு ஆள்தான் கூட இருக்கலாம், இத்தனை பேர் எதற்கு என்று கேட்டான்.

"நாங்க சும்மா ஓரமா உக்காந்திருப்போம், தம்பி" என்றாள் ஜெபமாலை. "ஏதாவது விழுந்தா எடுத்துட்டுப் போயிருவோம்."

அவனுக்குப் புரியவில்லை, ஆனால் அவர்கள் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டார்கள். விழுகிறது மேலே போகுமா கீழே இறங்குமா என்று தெரியாததால் பஷீர் பாயும் பலசரக்குக் கடை அண்ணாச்சியும் இன்னும் சிலரும் மாடிப்படியேறி மேல்தளத்தில் போய் இருந்துகொண்டார்கள். மற்றவர்கள் அறுவை அறையின் சுவரை ஒட்டி, முதுகைச் சாய்த்து, நெருக்கி உட்கார்ந்தார்கள். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு செபமாலையை ஆரம்பித்தார்கள். அந்தக் கரையில் பிறந்த பெண் எவளும் தலையை மூடாமல் செபம் சொன்னதில்லை.

செபமாலையின் மூன்றாவது பத்து மணிகள் விரல்களில் உருண்டுகொண்டிருந்தபோது அமலோற்பவம் தன் முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டாள். துணி எதுவும் நடுவில் இருக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. ஜெபமாலை அவளைப் பார்த்தாள், வாயில் செபத்தை நிறுத்தாமல் தன்னுடையதையும் தள்ளினாள். பிறகு அடுத்தவள், அதற்கு அடுத்தவள். இஞ்ஞாசி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். மேல்தளத்துக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை, ஆனால் அங்கே பஷீர் பாய் தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். திறந்த தலைகளோடு நாற்பத்துமூன்று பேரும் இருந்த இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் சுவர்ப்பக்கம் நகர்ந்தார்கள், அமலோற்பவம் எல்லோருக்கும் முன்னால், கதவை ஒட்டிப் போய் உட்கார்ந்தாள்.